வண்டலூருக்கு வந்து சேரும் விலங்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவிற்குப் புதிதாக ஒரு விலங்கு வந்திருப்பதாக நாளிதழில் படம் வந்துவிட்டால் போதும், அந்த வாரம் முழுவதும் என் தொலைபேசிக்கு ஓய்விராது. தாம்பரத்தில் குடியிருக்கிறேன் என்பதாலும், மாதத்திற்கு ஒரு முறையேனும் பூங்காவைச் சுற்றிவரும் பழக்கம் எனக்குண்டு என்பதாலும், உறவினர்களும் நண்பர்களும் தங்கள் ஐயங்களையெல்லாம் என்னிடமே கேட்கிறார்கள். போய்வந்த பிறகு தங்கள் ஏமாற்றங்களையும் என்னிடமே சொல்கிறார்கள். நான் பூங்கா நிர்வாகத்தைச் சேர்ந்தவன் அல்லன். வரிசையில் நின்று சீட்டு வாங்கி உள்ளே போகிறவன்தான். ஆயினும், ஒரே கேள்விக்கு இருபது பேரிடம் தனித்தனியாக விடை சொல்வதைவிட ஒரு முறை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

செய்தியில் படித்த விலங்கைத் தேடிப் போனோம். பூங்கா முழுவதும் சுற்றியும் காணவில்லை. எங்கே வைத்திருக்கிறார்கள்?

விலங்கு வந்துவிட்டது, உங்கள் கண்ணில் படும் இடத்திற்குத்தான் இன்னும் வரவில்லை. வெளியிலிருந்து வரும் எந்த விலங்கையும் நேரே பார்வையாளர் முன் கொண்டுவந்து விடுவதில்லை. மற்ற விலங்குகளிடமிருந்து விலகியிருக்கும் ஒரு தனிக் கொட்டிலில் குறைந்தது 30 நாள்களாவது அதை வைத்திருப்பது உயிரியல் பூங்காக்களின் வழக்கம். இந்த நாள்களில் சாணத்தையும் இரத்தத்தையும் சோதித்து, குடற்புழு உண்டா, காசநோய் போன்ற தொற்று ஏதேனும் ஒளிந்திருக்கிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். அந்தக் கொட்டிலுக்குள் செல்லும் காப்பாளர், கிருமிநாசினி கலந்த நீரில் காலணியை நனைத்த பின்னரே நுழைவார். கூடுமானவரை வேறு விலங்குகளின் பக்கம் போகாமலும் இருப்பார்.

நோய்ச் சோதனை ஒரு பாதி என்றால், இடம் பழகுவது மறுபாதி. ஊர் மாறிப் போனால் நமக்கே தண்ணீர் ஒத்துக்கொள்வதில்லை. பழைய இடத்தில் எந்த உணவை, எந்த அளவில், எந்த நேரத்தில் கொடுத்து வந்தார்கள் என்னும் குறிப்பு விலங்குடனேயே வரும். முதல் சில நாள்கள் அதையே பின்பற்றிவிட்டு, சிறிது சிறிதாக இங்குள்ள உணவு முறைக்கு மாற்றுவார்கள். அதன் பிறகு இரவுக் கொட்டிலுக்கு இடமாற்றம். அங்கே கதவு திறக்கும் ஓசையையும், காப்பாளரின் குரலையும், மாலையில் உள்ளே வந்தால்தான் உணவு என்னும் ஒழுங்கையும் அது தெரிந்துகொண்ட பின்னர், பார்வையாளர்கள் இல்லாத வேளைகளில் வெளித்திடலில் சற்று நேரம் உலவ விடுவார்கள். நாளிதழில் நீங்கள் பார்த்த படம் பெரும்பாலும் லாரியிலிருந்து கூண்டு இறங்கிய நாளில் எடுக்கப்பட்டதாக இருக்கும். படம் வந்து இரண்டு மாதம் கழித்துப் புறப்படுங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்லும் கணக்கு.

இவ்வளவு எச்சரிக்கை தேவைதானா? விலங்குகள் காட்டில் மருத்துவர் பார்த்தா வாழ்கின்றன?

காட்டில் ஒரு புலிக்கும் அடுத்த புலிக்கும் இடையே பல மைல் தொலைவு இருக்கும். பூங்காவில் ஒரு சுவர்தான் இருக்கும். தொற்று நுழைந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை வண்டலூர் 2021-இல் பட்டறிந்தது. கொரோனாவின் இரண்டாம் அலை வீசிக்கொண்டிருந்த அந்த மே மாத இறுதியில், சில சிங்கங்கள் உணவைக் குறைத்துக்கொண்டு இருமத் தொடங்கின. 11 சிங்கங்களின் மாதிரிகள் போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்குநோய் ஆய்வு நிறுவனத்திற்கு அனுப்பப்பட்டதில், 9 சிங்கங்களுக்குத் தொற்று இருப்பது உறுதியாயிற்று. ஜூன் 3 அன்று நீலா என்னும் 9 வயதுப் பெண் சிங்கமும், ஜூன் 16 அன்று பத்மநாதன் என்னும் 12 வயது ஆண் சிங்கமும் இறந்தன. அப்போது பூங்கா பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், கிருமி நுழைவதற்கு எவ்வளவு சிறிய இடுக்கு போதும் என்பது விளங்கும். அந்தத் தொற்றைக் கொண்டுவந்தது புதிய விலங்கு என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, தனிக் கொட்டிலில் வைக்கும் 30 நாள்களை வெறும் சம்பிரதாயம் என்று என்னிடம் யாரேனும் சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை.

புதிய விலங்குகளை விலைக்கு வாங்குகிறார்களா?

இல்லை. இந்தியாவில் உயிரியல் பூங்காக்களை 1992-இல் அமைக்கப்பட்ட மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் மேற்பார்வையிடுகிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இந்த ஆணையத்தின் முன் அனுமதி இல்லாமல் ஒரு பூங்கா விலங்கைப் பெறவோ கொடுக்கவோ முடியாது. பெறுவதும் கொடுப்பதும் அங்கீகரிக்கப்பட்ட பூங்காக்களுக்கிடையே மட்டும்தான் நடக்க வேண்டும். ஆகவே நடைமுறையில் இது பண்டமாற்று போன்றது. ஒரு பூங்காவில் புலிகள் பெருகியிருக்கும், ஓநாய் இருக்காது; மற்றொன்றில் ஓநாய்கள் இருக்கும், ஜோடி சேர்க்கப் புலி இராது. இரண்டும் பேசி, ஆணையத்தின் ஒப்புதலைப் பெற்று, மாற்றிக்கொள்கின்றன. ஒரே லாரி போகும்போது ஒரு விலங்கையும் திரும்பும்போது இன்னொன்றையும் ஏற்றி வந்தால் செலவும் மிச்சம்.

பார்வையாளருக்குப் புதுமை காட்டுவது மட்டுமே இதன் நோக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே பூங்காவில் பிறந்த உடன்பிறப்புகளுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்தால் நாலைந்து தலைமுறைகளில் குட்டிகள் நலிந்துவிடும். ஆகையால் அரிய விலங்குகளுக்கு வம்சாவளிப் பதிவேடு வைத்து, எந்த ஆணுக்கு எந்தப் பெண் என்று கிட்டத்தட்ட ஜாதகப் பொருத்தமே பார்க்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளுக்கே உரிய சிங்கவால் குரங்கை வண்டலூரில் பேணிப் பெருக்குவதும் இத்தகைய முயற்சியில் அடங்கும். வெளியூரிலிருந்து ஒரு ஒற்றைக் குரங்கு வந்து சேர்ந்தால் எந்த நாளிதழும் அதைப் படம் பிடிப்பதில்லை. என்னைக் கேட்டால், வெள்ளைப் புலியைவிட அந்த வரவுதான் பெரிய செய்தி.

எல்லா விலங்குகளும் பரிமாற்றத்தில் வந்தவைதானா?

இல்லை. இங்கேயே பிறந்தவை கணிசம். வேறு வழியில்லாமல் வந்து சேர்ந்தவையும் உண்டு. சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றைப் பழக்கி வித்தை காட்டக் கூடாது என்னும் தடையை 2001-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பிறகு, சர்க்கஸ் கூடாரங்களிலிருந்து மீட்கப்பட்ட விலங்குகளுக்காக நாட்டின் சில இடங்களில் மறுவாழ்வு மையங்கள் அமைக்கப்பட்டன. வண்டலூர் அவற்றுள் ஒன்று. அதற்காக அடுத்திருந்த நிலத்தையும் சேர்த்துக்கொண்டதால்தான், முதலில் 510 எக்டேர் அளவில் இருந்த பூங்கா இன்று 602 எக்டேராக இருக்கிறது. மீட்பு மையத்தைப் பார்வையாளர்களுக்குக் காட்டுவதில்லை. காட்டாததே நல்லது, வாழ்நாள் முழுவதும் கூட்டத்தின் கைதட்டலைக் கேட்ட விலங்குகளுக்கு அதுவாவது மிஞ்சட்டும்.

இன்னொரு வழி, மீனம்பாக்கம் விமான நிலையம். 2019 பிப்ரவரியில் பாங்காக்கிலிருந்து வந்த பயணி ஒருவரின் பைக்குள்ளிருந்து மெல்லிய முனகல் கேட்டு, சுங்க அதிகாரிகள் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஒரு கூடையில் ஏறத்தாழ ஒரு மாதக் குட்டிச் சிறுத்தை இருந்தது. எடை 1.1 கிலோ. நம் வீட்டில் வாங்கும் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை ஒரு கையில் எடுத்துப் பாருங்கள். அதைவிடச் சற்றே கனம். அந்த எடையில் ஒரு சிறுத்தை, விமானத்தின் குளிரிலும் இரைச்சலிலும் பையில் அடைபட்டு வந்திருக்கிறது. அதிகாரிகள் புட்டியில் பால் கொடுக்க முயன்ற காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். பிறகு அது வண்டலூருக்கு அனுப்பி வைக்கப்பட்டது. புதுவரவு என்ற சொல்லுக்குப் பின்னால் இப்படியும் ஒரு கதை இருக்கக்கூடும் என்பதால்தான், ஒரு விலங்கைப் பார்க்கும்போது அது எங்கிருந்து வந்தது என்று பலகையில் தேடும் பழக்கம் எனக்கு ஏற்பட்டது. பல பலகைகளில் அந்த விவரம் இருப்பதில்லை. இனத்தின் பெயரும் வாழிடமும் உணவும் எழுதப்பட்டிருக்கின்றன. இந்தக் குறிப்பிட்ட விலங்கின் வரலாறு இரண்டு வரியிலாவது இருந்தால் என்ன?

அவ்வளவு தொலைவிலிருந்து எப்படிக் கொண்டுவருகிறார்கள்? மயக்க ஊசி போடுவார்களா?

பயணம் முழுவதும் மயக்கத்தில் வைத்திருப்பதில்லை, அது ஆபத்து. விலங்கு தானாகவே கூண்டுக்குள் நுழையுமாறு பழக்குவதுதான் சிறந்த முறை. புறப்படும் நாளுக்குச் சில வாரங்களுக்கு முன்பே பயணக் கூண்டைக் கொட்டிலின் வாசலில் பொருத்திவிட்டு, உணவை அதற்குள் வைப்பார்கள். முதல் நாள் விலங்கு மோந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கும். மூன்றாம் நாள் கழுத்தை மட்டும் நீட்டி எடுத்துக்கொள்ளும். ஒரு நாள் முழு உடம்பும் உள்ளே போகும். கதவை மூடுவது கடைசி நாளில்தான். மான், வரிக்குதிரை போன்றவற்றின் கூண்டு, நிற்கவும் படுக்கவும் இடம் தந்து, திரும்ப இடம் தராத அகலத்தில் இருக்கும். அகலமாக இருந்தால் மிரண்டு திரும்பும்போது கால் முறிந்துவிடும். ஒட்டகச்சிவிங்கியை இளம் வயதிலேயே கொண்டுவருவதற்குக் காரணம் அன்பு, பாசம் எதுவுமில்லை. வளர்ந்துவிட்டால் மேம்பாலத்தின் அடியில் லாரி நுழையாது.

கோடையில் இரவில் ஓட்டிப் பகலில் நிழலில் நிறுத்துவது, இடையிடையே தண்ணீர் கொடுப்பது, பழகிய காப்பாளரையும் ஒரு மருத்துவரையும் கூடவே அனுப்புவது ஆகியவை எல்லாப் பயணங்களுக்கும் பொது.

சஃபாரியில் விட்ட புதிய சிங்கம் காணாமல் போய்விட்டதாகப் பேசிக்கொண்டார்களே, உண்மையா?

காணாமல் போனது என்பது சற்று மிகை. 2025 அக்டோபர் தொடக்கத்தில் நடந்தது இது. பெங்களூரின் பன்னேர்கட்டாவிலிருந்து 2023-இல் கொண்டுவரப்பட்ட ஷெரியார் என்னும் இளம் ஆண் சிங்கத்தை, இடம் பழக்குவதற்காக, பேருந்தில் இருந்தபடியே பார்வையாளர்கள் பார்க்கும் ஏறத்தாழ 50 ஏக்கர் பரப்புள்ள சஃபாரிப் பகுதியில் திறந்துவிட்டார்கள். வழக்கமாக மாலையில் இரைக்காகக் கொட்டிலுக்குத் திரும்பிவிட வேண்டிய சிங்கம், அன்று திரும்பவில்லை. புதரும் மரமுமாக அடர்ந்த அந்தப் பகுதியில் வெப்பத்தைக் கண்டறியும் டிரோன்களையும் தானியங்கிக் கேமராக்களையும் வைத்துத் தேடினார்கள். சுற்றிலும் வேலி இருந்ததால் அது வெளியே போக வழியில்லை. ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்கு அந்த இரவுகளில் உறக்கம் வந்திருக்காது. இரண்டு மூன்று நாள் தன் விருப்பப்படி உலவிவிட்டு, ஷெரியார் தானாகவே கொட்டிலுக்கு வந்து சேர்ந்தது.

என் தங்கை இதைக் கேட்டுவிட்டு, "புது வீட்டுக்கு வந்த பூனை பரண் மேல ஏறி ஒளிஞ்சுக்கிற மாதிரி" என்றாள். அதைவிடச் சரியான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. வந்து இரண்டாண்டுகள் ஆன பிறகும் சஃபாரியின் வெட்டவெளி அதற்குப் புதிய இடம்தான். வந்த மறுமாதமே ஏன் பேருந்திலிருந்து காட்டவில்லை என்று கேட்பவர்களுக்கு இந்த நிகழ்வையே நான் விடையாகச் சொல்கிறேன்.

வெள்ளைப் புலி தனி இனமா?

இல்லை. வங்கப் புலிதான், மரபணு மாற்றம் ஒன்றினால் மஞ்சள் நிறமி உருவாகாமல் போனது. தாயும் தந்தையும் இந்த மரபணுவைச் சுமந்திருந்தால்தான் குட்டி வெள்ளையாகப் பிறக்கும். இன்று பூங்காக்களில் உள்ள வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை, 1951-இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் ரீவா பகுதியில் பிடிபட்ட மோகன் என்னும் ஒரே ஆண் புலியின் வழிவந்தவை. நிறத்தைத் தக்கவைப்பதற்காக நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்ததால் மாறுகண் முதலான குறைகள் இந்த வம்சத்தில் தொடர்கின்றன. வண்டலூரில் அதிகக் கூட்டம் கூடும் இடங்களில் வெள்ளைப் புலியின் திடலும் ஒன்று என்பதை நான் மறுக்கவில்லை. அதன் முன் நிற்கும்போது எனக்கும் கண் விரிகிறது. இருந்தாலும் இதைப் பெருக்குவதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பதே என் எண்ணம்.

எப்போது போனாலும் தூங்கிக்கொண்டேயிருக்கிறதே? இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்றாகிவிடுகிறது.

பார்வையாளர்களிடம் நான் அதிகம் கேட்கும் குறை இதுதான். சென்ற ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் ஒரு மணிக்கு, புலித் திடலின் அகழிச் சுவரருகே நின்றிருந்தேன். எட்டு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டிருந்தான். அவன் தாய் முந்தானையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு, "என்னடா இது, பொம்மை மாதிரி படுத்திருக்கு! வா, போலாம்" என்றார். நிழலில் புலி ஒருக்களித்துக் கிடந்தது. சற்றுப் பொறுத்துப் பார்த்தால், மூச்சுக்கு ஒரு முறை விலா ஏறி இறங்குவதும், ஈ உட்காரும்போதெல்லாம் இடது காது மட்டும் சுண்டுவதும் தெரிந்தன. சிறுவன் அதைப் பார்த்துவிட்டான். "அம்மா, காது ஆடுதும்மா" என்றான். தாய் அதற்குள் ஐஸ் வண்டிப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார்.

சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரை ஓய்வெடுக்கக்கூடிய விலங்கு. புலியும் அந்தியிலும் விடியலிலும்தான் சுறுசுறுப்பாக இருக்கும். சென்னையின் உச்சி வெயிலில் நாமே எழுந்து நடமாட விரும்புவதில்லை. ஆகையால் காலை ஒன்பது மணிக்குக் கதவு திறந்ததும் உள்ளே நுழைந்து, முதலில் பெரிய மிருகங்களைப் பார்த்துவிடுங்கள். பறவைகளும் பாம்புகளும் நண்பகலுக்குக் காத்திருக்கும். அல்லது மாலை நான்கு மணிக்கு மேல் ஒரே ஒரு திடலின் முன் நின்றுவிடுங்கள். கொட்டிலுக்குப் பின்னாலிருந்து இரும்புத் தாழ்ப்பாள் இழுபடும் ஓசை கேட்கும். பகலெல்லாம் மண்மேடு போல் கிடந்த அதே புலி, அந்த ஓசைக்குத் தலையைத் தூக்கி, முன்னங்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்து, அவசரமே இல்லாமல் கதவை நோக்கி நடந்துபோவதைப் பார்ப்பீர்கள். அந்த அரை நிமிட நடையைப் பார்ப்பதற்காகவே நான் பலமுறை போயிருக்கிறேன்.

சத்தம் போட்டு எழுப்பினால் என்ன? கொஞ்சம் கடலை போட்டால் என்ன?

இரண்டும் குற்றம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஜே பிரிவு, பூங்கா விலங்கைச் சீண்டுவதையும், காயப்படுத்துவதையும், உணவளிப்பதையும், கூச்சலிட்டுத் தொந்தரவு செய்வதையும், குப்பை போடுவதையும் ஒரே வாக்கியத்தில் தடை செய்கிறது. குறிப்பாகப் புதிய விலங்கின் முன் விசிலடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். பல மாதம் பொறுமையாகக் காப்பாளர் ஏற்படுத்திய நம்பிக்கையை ஒரு விசில் ஓசை குலைத்துவிடும். மிரண்ட மான் வேலியில் மோதிக் கழுத்து முறிந்து இறப்பது பூங்காக்களில் கேள்விப்படாத செய்தி அன்று.

குட்டி பிறந்தால் உடனே ஏன் அறிவிப்பதில்லை?

தாய் தொந்தரவை உணர்ந்தால் குட்டியைக் கைவிடும். சில வேளை கொன்றும் விடும். அதனால் கேமரா வழியாக மட்டும் கண்காணித்துவிட்டு, குட்டி கண் திறந்து நடக்கத் தொடங்கிய பிறகே சொல்வார்கள். பெயர் சூட்டுவது அதற்கும் பிறகு. வண்டலூர்ப் புலிக்குட்டிகளுக்கு முதலமைச்சர்களே பெயர் வைத்ததுண்டு.

குளிர்ப் பகுதி விலங்குகள் சென்னை வெயிலைத் தாங்குமா?

இமயமலைக் கருங்கரடி போன்றவற்றைப் பார்க்கும்போது இந்தக் கேள்வி எழுவது இயல்பு. கோடையில் தண்ணீர்த் தெளிப்பான், குளிக்கும் தொட்டி, தென்னங்கீற்றுக் கூரை, தர்ப்பூசணி, வெள்ளரி, பழங்களை இட்டு உறையவைத்த பனிக்கட்டி ஆகியவற்றால் சமாளிக்கிறார்கள். வண்டலூருக்கு இயற்கையாகவே ஒரு வசதியும் உண்டு. இது காப்புக் காட்டில் அமைந்த பூங்கா என்பதால், பூங்காவின் முன் செல்லும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையின் அனலிலிருந்து உள்ளே இருநூறு அடி நடந்தாலே காற்று மாறிவிடும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அந்த மரங்களில் ஆயிரக்கணக்கானவற்றைச் சாய்த்துவிட்டது; மரங்களை அகற்றிப் பூங்காவைத் திறக்கவே வாரக்கணக்கில் ஆயிற்று. அடுத்த கோடையில் சில பாதைகளில் நடந்தபோது, வேறு ஏதோ ஊருக்கு வந்துவிட்டது போல் இருந்தது. இப்போது நிழல் ஓரளவு மீண்டிருக்கிறது. எனினும் குளிர்நாட்டு விலங்கை இங்கே கொண்டுவரலாமா என்று கேட்டால், தாங்குவதும் நன்றாக வாழ்வதும் வேறு வேறு என்றுதான் சொல்வேன்.

பழைய மூர் மார்க்கெட் பூங்காவில் எல்லாவற்றையும் பக்கத்தில் பார்த்தோம். இங்கே ஏன் இவ்வளவு தள்ளி வைத்திருக்கிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் அறுபது வயதைக் கடந்தவர்கள். என் பெரியப்பாவும் அவர்களில் ஒருவர். "அப்பெல்லாம் சிங்கத்தோட மூச்சு நம்ம மேல படும்டா" என்பார். அவர் தலைமுறைக்கு எழும்பூர் அருங்காட்சியகம் "செத்த காலேஜ்". உயிரியல் பூங்கா "உயிர் காலேஜ்". இரண்டுக்கும் உண்மையிலேயே உறவுண்டு. அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த மருத்துவர் எட்வர்டு பால்ஃபர், அங்கே வைத்திருந்த உயிருள்ள விலங்குகளைக் காணக் கூட்டம் அலைமோதுவதைப் பார்த்து, ஆற்காட்டு நவாபிடமிருந்த விலங்குகளைக் கேட்டுப் பெற்று 1855-இல் தொடங்கியதுதான் சென்னையின் உயிரியல் பூங்கா. அந்த வகையில், சென்னையின் முதல் புதுவரவுகள் நவாபின் வீட்டு விலங்குகள் என்று சொல்லலாம். பின்னர் அது சென்ட்ரல் ரயில் நிலையத்தையும் மூர் மார்க்கெட்டையும் அடுத்த பீப்பிள்ஸ் பார்க்கிற்கு இடம்பெயர்ந்து, நூறாண்டுகளுக்கும் மேல் அங்கேயே இருந்தது. நெரிசலும் இரைச்சலும் தாளாமல், வண்டலூர்க் காப்புக் காட்டில் புதிய பூங்கா உருவாக்கப்பட்டு, 1985 ஜூலை 24 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அதைத் திறந்து வைத்தார். அன்று எல்லாத் திடல்களும் கட்டி முடிக்கப்படவில்லை. அந்த முதல் நாள் கூட்டத்திலும், பார்க்க வந்ததைப் பார்க்க முடியவில்லையே என்று முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள்.

கம்பிக் கூண்டுக்குப் பதிலாக அகழி வெட்டி, விலங்கைத் திறந்த திடலில் உலவவிடுவது வண்டலூரின் அமைப்பு. பாதைக்கும் விலங்குக்கும் இடையே உள்ள பள்ளம், உங்களைத் தள்ளி நிறுத்துகிறது. அதே பள்ளம்தான் விலங்குக்கு ஒரு மரத்தையும் ஒரு குட்டையையும் சிறிது புல்வெளியையும் கொடுத்திருக்கிறது. பெரியப்பாவைப் பேட்டரி வண்டியில் அழைத்துக்கொண்டு போய் இதையெல்லாம் காட்டினேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் வச்சிருக்காங்க" என்றார். அடுத்த நொடியே, "ஆனா மூச்சு படலையே" என்றார். ஒரு நல்ல தொலைநோக்கி வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

எந்த நாளில் போகலாம்? எவ்வளவு நடக்க வேண்டும்?

செவ்வாய்க்கிழமை விடுமுறை. முழுவதையும் நடந்து பார்ப்பது என்றால் அரை நாள் கரைந்துவிடும். முதியவர்களுக்குப் பேட்டரி வண்டி உண்டு. காணும் பொங்கலன்று புதிய விலங்கைப் பார்க்கப் போகாதீர்கள். பல்லாயிரம் தலைகளைத்தான் பார்ப்பீர்கள். அன்று கூட்டத்தில் தொலைந்துபோகாமல் இருக்கக் குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் தொலைபேசி எண்ணை எழுதிக் கட்டிவிடுகிறார்கள் என்பதே கூட்டத்தின் அளவைச் சொல்லும். கட்டணமும் சஃபாரி நேரமும் அவ்வப்போது மாறுவதால், புறப்படுமுன் பூங்காவின் இணையதளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டு கட்டாயம் பார்க்க வேண்டிய புதுவரவு எது?

மழைக்காலம் முடிந்ததும் போனால், பூங்காவுக்குள் இருக்கும் ஓட்டேரி ஏரிக்கரைக்குச் செல்லுங்கள் என்பேன். ஆணையத்தின் அனுமதி, பயணக் கூண்டு, 30 நாள் காவல் எதுவும் இல்லாமல் வந்து இறங்கும் விருந்தாளிகள் அங்கேதான் இருக்கின்றன. கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகங்களும் மரங்களை வெள்ளையடித்து வைத்திருக்கும். ஏரி வற்றிய ஆண்டுகளில் வருவதில்லை. தண்ணீர் நின்றால் வந்துவிடுகின்றன. சென்ற ஜனவரியில் மூடும் நேரத்திற்குச் சற்று முன் கரையில் நின்றபோது, பகல் முழுவதும் கிளையில் கழுத்தை ஒடுக்கி உட்கார்ந்திருந்த இராக்கொக்குகள் ஒவ்வொன்றாகக் கரகரத்துக்கொண்டு கிளம்பத் தொடங்கின. வெளியேறச் சொல்லி விசில் ஊதிக்கொண்டு வந்த காவலரிடம், இவை இன்னும் எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டேன். அவர் மேலே ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது யாருக்கு சார் தெரியும்? டிக்கெட்டா வாங்கிட்டு வருதுங்க?"